தலகாணிக்கு ஒரு குறட்டை

மடேர்!

பின்னறை ஜன்னல் கண்ணாடி ஒருமுறை நடுங்கி அடங்கியது. மாமனாரின் சாய்வு நாற்காலி கால் முறிந்து தரையோடு தரையாகிவிட்டது. அதில் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த மாமனாரும் கூடவே தரைக்கு வந்துவிட்டார்.

குறட்டை நின்றது.

"ஐயையோ மாமா!" என்று மருமகள் கையிலிருந்த, காற்று ஊதும் ப்ளோயரை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் திரும்பவும், மேஜைமேல் அதுவரை பிடித்துவைத்த மாவுருண்டை மாதிரி அசையாமல் இருந்த முயல், பின்னங்காலை ஓங்கித் 'தொம்' என்று ஒரு மிதி மிதித்தது. அவள் மறுபடி திரும்பிப் பார்த்தபோது மேஜைமேல் முயல் இல்லை.

அந்த முயலைப் பற்றி இங்கே நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். பின்னறையில் மருமகள் வளர்க்கும் ஏழு முயல்களில் ஒன்று, அங்கோரா ஜாதி. பார்த்தால் முயல் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. காது எங்கே, கண் எங்கே, முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று ஒன்றும் புரியாமல், பஞ்சு பிதுங்கிய தலையணைக்கு உயிர் வந்தது போல இருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே, சோபாவில் உட்கார்ந்திருந்த அதன்மேல் தலைசாய்க்கப் போன மாமனார், "என்னம்மா இது, தலகாணி நகருது!" என்று அலறிக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் தலகாணி.

இப்போது தலகாணி ஓடிய திசைதான் மோசம். பாதி திறந்திருந்த கதவு வழியாக அது நேராக முன்னறைக்குள் பாய்ந்தது. முன்னறை கணவனின் தையற்கடை. அவர் கறுப்புக் கோட்டு மட்டும் தைப்பவர். வக்கீல், வயலின் வாசிப்பவர், கல்யாண மாப்பிள்ளை, சவ ஊர்வலம் நடத்துகிறவர் என்று ஊரில் யாருக்குக் கறுப்புக் கோட்டு வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். வெள்ளை ரோமம் மிதக்கும் வீட்டில் கறுப்புத் துணியை வைத்துப் பிழைப்பு நடத்துவது என்ன பாடு என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் எதையுமே யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். பேசினால் விழுங்கிவிடுவோம் என்று பயந்தவர் போல இருப்பார்.

அந்த நேரத்தில் ஒரு வக்கீல், பாதி தைத்த கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். தலகாணி அவர் முதுகில் ஏறி, தோள் வழியாக இறங்கி, மாட்டியிருந்த எட்டுக் கோட்டுகளுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது.

வக்கீல் கண்ணாடியில் தன்னையே உற்றுப் பார்த்தார். "நான் கறுப்புக் கோட்டுதானே கேட்டேன்? இது என்ன, பனிக்கரடித் தோலா?"

கணவன் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். முயலைத் துரத்திக்கொண்டு வந்த மருமகள் கதவருகே நின்றுவிட்டாள். குண்டூசி வெளியே வந்தால் பேச்சு வருகிறது என்று அர்த்தம்.

"இங்க பாரு."

"சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை முயல் கண்காட்சி. அதுல இது சாம்பியன் ஆச்சுன்னா பின்னறை உன்னுது. நான் வாயே தொறக்கமாட்டேன்."

"சரிங்க."

"ஆகலைன்னா ஏழு முயலும் பண்ணைக்காரர் வீட்டுக்குப் போகுது. அவர்கிட்ட பேசி வச்சிட்டேன். திங்கட்கிழமை வண்டி அனுப்புவாரு."

குண்டூசிகள் மறுபடி வாய்க்குள் போயின. அவர் அளந்துதான் பேசுவார். பேசிவிட்டால் வெட்டின துணி மாதிரி, திரும்ப ஒட்டவைக்க முடியாது.

தலகாணி ஏற்கெனவே இரண்டு கண்காட்சிகளில் முதல் ரிப்பன் வாங்கியிருந்தது. மூன்றாவது வாங்கிவிட்டால் சாம்பியன். ரோமம் இப்போது உச்சத்தில் இருந்தது. கையை நுழைத்தால் மணிக்கட்டு வரை காணாமல் போகும். இந்தக் கண்காட்சியை விட்டால் ரோமம் உதிர ஆரம்பித்துவிடும். உதிர்ந்த பிறகு தலகாணி வெறும் முயல். அதற்குள் பண்ணைக்காரரின் வண்டி வேறு வந்துவிடும்.

மருமகள் தலகாணியை அள்ளிக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். மாமனார் உடைந்த நாற்காலியின் நடுவில், அப்படியே உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அடி பட்டுச்சா மாமா?"

"இல்லம்மா."

"டீ போடட்டா மாமா?"

"போடும்மா."

மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவில் இருந்த பேச்சு மொத்தமே இவ்வளவுதான். கணவனிடமோ 'சரிங்க', 'சொல்லுங்க', 'சாப்பாடு ரெடிங்க'. அப்படியானால் அவள் பேசாத பெண்ணா என்றால், அதுதான் இல்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, மேஜைமேல் ஒரு கம்பளித் துண்டைப் போட்டு, தலகாணியை அதில் உட்காரவைத்து, ப்ளோயரில் குளிர்காற்றை வைத்து ரோமத்தை வேர்வரை ஊதுவாள். சீப்பு போட்டால் ரோமம் கழன்று வரும், காற்றுதான் சிக்கெடுக்கும். ஊதிக்கொண்டே பேசுவாள். ஒரு நாள் முழுக்க வாய்க்குள் மென்று வைத்ததெல்லாம் அப்போது வெளியே வரும். கணவன் அவள் பேச்சில் 'உங்கப்பா'. மாமனார் 'உங்க தாத்தா'. கணவனின் அக்காவுக்குப் பெயரே கிடையாது, ஒரு பெருமூச்சு மட்டும்தான். ப்ளோயர் சத்தத்தையும் குறட்டையையும் தாண்டி முயல் காதில் விழவேண்டுமே என்பதால் கொஞ்சம் உரக்கவே பேசுவாள்.

மாமனாரைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அவர் காலமெல்லாம் ராத்திரி வாட்ச்மேனாக இருந்தவர். பகலில் சாய்ந்தால் அடுத்த மூச்சில் குறட்டை. இன்றைக்கு நாத்தனார் ஒரு கல்யாண வீட்டில் கொண்டை கழன்று பாயசப் பாத்திரத்தில் விழுந்த கதையை அவள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, குறட்டை ஒரு தினுசாகக் குலுங்கியது. சளி என்று நினைத்தாள். அதற்கப்புறம்தான் நாற்காலி முறிந்தது.

மறுநாள் நாற்காலி தச்சர் வீட்டுக்குப் போயிற்று. மாமனார் ஒரு முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். மருமகள் வழக்கம்போல் தலகாணியை மேஜைமேல் வைத்தாள்.

தொம்!

தலகாணி உட்காரவில்லை. பிடித்தால் நழுவியது. ப்ளோயரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. இரண்டு தரம் மேஜையிலிருந்து குதித்து, மூன்றாம் தரம் அவள் முந்தானைக்குள் புகுந்துகொண்டது. முயலுக்கு என்ன நோயோ என்று மருமகள் பயந்துபோனாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், உப்பவில்லை. பல்லைப் பார்த்தாள், சரியாக இருந்தது. காதைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை. காய்ந்த புல்லை நீட்டினாள், மென்றது. மென்று முடித்ததும் மறுபடி தொம்.

"என்னடி உனக்கு வந்துச்சு? நாள் பாத்து என் குடியைக் கெடுக்கறியே!"

மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். ஒரு கொட்டாவி விட்டார். தரையில் பாயை விரித்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் பாயிலிருந்து அந்த ஓசை எழும்பியது.

தலகாணி அப்படியே அமர்ந்தது. கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, காதுகளைச் சாய்த்து, உருண்டையிலும் உருண்டையாக ஆகிவிட்டது.

மருமகள் முயலைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். "மாமா!" என்றாள்.

"ஆ? என்னம்மா?"

தொம்!

"ஒண்ணுமில்ல மாமா, தூங்குங்க."

குறட்டை. தலகாணி உருண்டையானது.

"மாமா!"

"என்னம்மா?"

தொம்!

"ஒண்ணுமில்ல மாமா."

நாலாவது தரம் எழுப்பியபோது மாமனார், "ஏம்மா, உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவளோ வாயில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். குட்டியாக வந்த நாளிலிருந்து தலகாணிக்குச் சிக்கெடுத்தது இந்த ஓசையில்தான். அதற்குக் குறட்டை என்றால் 'உட்கார், ஒன்றும் ஆகாது' என்று அர்த்தம். போன இரண்டு கண்காட்சிகளும் இதே தெருக்கோடியில் நடந்தன. மாமனார் வேடிக்கை பார்க்க வந்து, ஓரத்து பெஞ்சில் தூங்கிவிட்டார். அதனால்தான் ரிப்பனே கிடைத்திருக்கிறது! இந்தத் தரம் கண்காட்சி ஊரின் மறுகோடியில் உள்ள பெரிய விளையாட்டு அரங்கத்தில்.

"மாமா, ஞாயித்துக்கிழமை நீங்களும் வர்றீங்களா?"

"எனக்கெதுக்கும்மா? அங்க இருக்கிற கூட்டத்துல ஒரு கண் தூங்க முடியுமா?"

தூங்க முடியாத மாமனாரை அழைத்துப் போய் என்ன செய்வது? அவள் யோசித்தாள். சனிக்கிழமை மதியம், தச்சர் கொண்டுவந்து போட்ட நாற்காலியில் மாமனார் சாய்ந்ததும், போனை அவர் மோவாய்க்கு அருகில் வைத்து ஒலிப்பதிவை அமுக்கினாள். குறட்டை அருமையாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. சும்மா நிற்பானேன் என்று அவள் தலகாணியை மேஜைமேல் வைத்து ஊத ஆரம்பித்தாள்.

ஊத ஆரம்பித்தால் அவள் என்ன செய்வாள் என்பதுதான் நமக்குத் தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை காலை, கணவன் கோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேனைக் கிளப்பினார். முடிவைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு. மருமகள் தலகாணியின் பெட்டியோடு வெளியே வந்தால், வேனுக்குள் மாமனார் சலவைச் சட்டையும் ஷூவுமாக உட்கார்ந்திருந்தார்.

"மாமா, கூட்டம்னா ஆகாதுன்னீங்க?"

"வீட்ல தனியா உக்காந்து சுவத்தைப் பாக்கவா? ஏறும்மா."

அரங்கத்துக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது தும்மல். கூரையிலிருந்து தரை வரை ரோமம் மிதந்துகொண்டிருந்தது. வரிசை வரிசையாகக் கூண்டுகள். கூண்டுக்குக் கூண்டு ஒரு ப்ளோயர் இரைந்தது. வளர்ப்பவர்கள் எல்லார் புருவத்திலும் மீசையிலும் வெள்ளை படிந்து, அத்தனை பேரும் ஒரே நாளில் கிழடு தட்டிப்போனது போல் இருந்தார்கள். கணவன் தன் கறுப்புக் கோட்டை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுக் கழற்றி, உட்புறம் வெளியே தெரியும்படி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மேஜையில், கண்காட்சிக்குக் கண்காட்சி போட்டிக்கு வரும் பல் டாக்டர். அவருடைய சாம்பல் நிற ஆண் முயலின் பெயர் சக்கரவர்த்தி. அவர் ஒரு டூத்பிரஷ்ஷால் அதன் காதுக் குஞ்சத்தைச் சீவிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா! என்ன, தலகாணியை உறை போடாமலே கொண்டாந்துட்டீங்க?"

"உறை போட்டா யாராவது தூக்கிட்டுப் போய்ப் படுத்துடுவாங்க டாக்டர். சக்கரவர்த்திக்குக் காலையில பல்லு வெளக்கி விட்டீங்களா?"

"ரெண்டு தரம்! நீங்களும் ஒரு நாள் நம்ம ஆஸ்பத்திரிப் பக்கம் வாங்க. பேசிப் பேசிப் பல்லு தேஞ்சிருக்கும்."

மருமகளுக்குத் திக்கென்றது. தான் பேசுவது இவருக்கு எப்படித் தெரியும்? சும்மா சொல்லி வைத்திருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

நடுவரம்மா வந்தார். வெள்ளை மேலங்கி, இரண்டு கையிலும் நகக் கீறல்கள், முகத்தில் சிரிப்பின் தடயமே இல்லை. அவர் ஒரு முயலைத் தூக்கினால் அது தானாகவே வாயைத் திறந்து பல்லைக் காட்டும் என்று சொல்லிக்கொள்வார்கள். பல், நகம், காதில் குத்திய எண் எல்லாம் பார்ப்பார். ரோமத்துக்குள் வாயால் ஊதி, அடியில் தோல் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பார். கடைசியாக மேஜைமேல் விட்டுவிட்டு ஒரு எட்டு பின்னால் போய் நிற்பார். முயல் பந்து மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். துள்ளினால், ஓடினால், அத்தோடு சரி.

சக்கரவர்த்தி மேஜையில் ஏறி, உண்மையிலேயே சிம்மாசனத்தில் அமர்ந்தது போல அமர்ந்தது. டாக்டர் பக்கத்தில் நின்று, "ஆ காட்டு ராஜா, ஆ... சமத்து!" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். நடுவரம்மா தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்.

"அடுத்தது."

மருமகள் தலகாணியை மேஜைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கும் முன்பே பின்னங்கால் உயர்வது தெரிந்தது. சட்டென்று பைக்குள் கையை விட்டுப் போனை அமுக்கினாள்.

குர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... குர்ர்ர்ர்...

உயர்ந்த கால் மெதுவாகக் கீழே இறங்கியது. தலகாணி மறுபடி உருண்டையானது. நடுவரம்மா நாலு பக்கமும் பார்த்தார்.

"இங்க யாரு தூங்கறது?"

"பழைய கட்டடம் மேடம். குழாய்ல காத்து" என்றாள் மருமகள்.

நடுவரம்மா குனிந்து ரோமத்தில் ஊதப் போனார். அப்போது பைக்குள்ளிருந்து, குறட்டைக்கு மேலே, தெள்ளத் தெளிவாக ஒரு பெண் குரல் கிளம்பியது.

"கேட்டியாடி தலகாணி! ஊர்ல இருக்கிற வக்கீலுக்கெல்லாம் கோட்டு தைக்கறாரு உங்கப்பா. என் ஸ்வெட்டர்ல பித்தான் அறுந்து ரெண்டு வருஷமாச்சு. தைச்சுக் குடுங்கன்னா, கறுப்புப் பித்தான்தான் இருக்குங்கறாரு!"

மருமகளின் முகத்தில் ஈயாடவில்லை. பைக்குள் கையை விட்டாள். போன் முழுக்க முயல் ரோமம் சுற்றியிருந்தது. திரையைத் தேய்த்தால் சத்தம்தான் கூடியது.

"அந்தப் பல் டாக்டர் இருக்காரே, அவரையும் அவரு முயலையும் பக்கத்துல நிறுத்தினா, எதுக்குப் புல்லு போடறதுன்னு எனக்கே கொழப்பமாயிடுதுடி! அப்புறம் அந்த நடுவரம்மா... சிரிச்சா நரம்பு கிரம்பு அறுந்துடும்னு டாக்டர் சொல்லியிருப்பாரோ என்னவோ..."

அரங்கமே ப்ளோயர்களை அணைத்துவிட்டுக் கேட்டது. மருமகள் போனை வெளியே எடுத்து உதறினாள். வேறு வழி தெரியாமல் கணவன் கையில் திணித்தாள். அவர் அதை மடித்த கோட்டுக்குள் சுற்றி, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து, ஒருவழியாக நிறுத்தினார்.

குறட்டையும் சேர்ந்து நின்றது.

தொம்! தொம்! தொம்!

தலகாணி மேஜையைச் சுற்றி ஓடியது. நடுவரம்மாவின் பேனாவைத் தள்ளியது. மருமகள் பாய்ந்து பிடித்தாள்.

"இது உக்காரலைன்னா நான் எதைம்மா பாக்கறது?" என்றார் நடுவரம்மா. குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. "கொஞ்சம் பொறுக்கறேன். உக்கார வைங்க. இல்லைன்னா கூண்டுக்குக் கொண்டு போயிடுங்க."

மருமகள் சுற்றிலும் பார்த்தாள். ஓரத்தில் மடக்கு நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"மாமா! தூங்குங்க மாமா!"

"என்னம்மா?"

"கொஞ்ச நேரம் தூங்குங்க மாமா, உங்க கால்ல விழறேன்!"

"இத்தனை பேரு பாத்துக்கிட்டிருக்கும்போது எப்படிம்மா தூக்கம் வரும்?"

அப்போது யாரும் எதிர்பாராதது நடந்தது. கணவன் வேகமாகப் போய், போனை எடுத்துவிட்டு, தன் கறுப்புக் கோட்டை நாலாக மடித்து அப்பாவின் கழுத்துக்கு அடியில் வைத்தார். "அப்பா, கண்ணை மூடுங்க. எதையும் நெனைக்காதீங்க. முயற்சி பண்ணுங்கப்பா."

மாமனார் கண்ணை மூடினார். திறந்தார். மருமகளைப் பார்த்தார். அவள் தலகாணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. அவளுக்குத் திங்கட்கிழமை வண்டி வாசலில் வந்து நிற்பதும், ஏழு கூண்டுகள் ஒவ்வொன்றாக ஏறுவதும், அதற்கப்புறம் பின்னறையில் வெறும் மேஜை மட்டும் நிற்பதும் அப்போதே தெரிந்தன.

மாமனார் ஒரு பெருமூச்சு விட்டார். கோட்டை எடுத்து மகன் கையில் கொடுத்தார். எழுந்தார்.

"ஏம்மா, நான் தூங்கணுமா, கொறட்டை விடணுமா?"

"என்ன மாமா?"

"ரெண்டுல எது வேணும்? தெளிவாச் சொல்லு."

"கொ... கொறட்டைதான் மாமா."

"அதுக்கு ஏன் படுக்கணும்?"

அவர் நேராக மேஜையருகே வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணை அகலத் திறந்து, நடுவரம்மாவின் முகத்தைப் பார்த்தபடி, ஆரம்பித்தார்.

என்ன ஒரு குறட்டை! அடித்தொண்டையில் யாரோ மேஜையை இழுப்பது போலத் தொடங்கியது. நடுவில் ரம்பம் அறுத்தது. உச்சியில் போய் ஒரு கணம் நின்று, இருக்கிறாரா போய்விட்டாரா என்று எல்லாரையும் கலங்கவைத்து, மெல்லிய விசிலாகக் கீழே இறங்கியது. அடுத்தது அதைவிடச் சுத்தமாக வந்தது. வயலின் வாசிக்கிறவர்கள் கண்ணை மூடித்தான் வாசிப்பார்கள். இவரோ இமைகூடக் கொட்டவில்லை.

தலகாணி மருமகளின் கையிலிருந்து தானாகவே மேஜைக்கு வழுக்கி இறங்கியது. காலை மடக்கியது. காதைச் சாய்த்தது. ஒரு பந்து, வேறொன்றும் இல்லை.

நடுவரம்மா முயலைத் தூக்கினார், பல் பார்த்தார், நகம் பார்த்தார், குனிந்து ரோமத்தில் ஊதினார். பூ விரிவது போல ரோமம் விரிந்து, அடியில் நூலளவு தோல் தெரிந்து மூடிக்கொண்டது. அவர் இரண்டாம் தரமும் ஊதினார். அது தேவையில்லை, ஆசைக்கு ஊதினார் என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

"டாக்டர், உங்க முயலையும் பக்கத்துல வைங்க. ரெண்டையும் ஒண்ணாப் பாக்கணும்."

டாக்டர் சக்கரவர்த்தியை வைத்தார். குர்ர்ர்ர் என்று அடுத்தது வந்தது. சக்கரவர்த்தி ஒரு கொட்டாவி விட்டது. முன்னங்கால் ஒரு பக்கம், பின்னங்கால் ஒரு பக்கம் என்று நீட்டி, நனைந்த துண்டைக் காயப்போட்டது போல மேஜைமேல் பரவியது.

"ஏய்! எந்திரி! ஆ காட்டு ராஜா! எந்திரிடா!"

ராஜா எழவில்லை. பக்கத்து வரிசைக் கூண்டுகளிலும் முயல்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன. நுழைவுச் சீட்டு கிழிக்கிற ஆள்கூடத் தூணில் சாய்ந்துவிட்டார்.

"இது அநியாயம் மேடம்!" என்று டாக்டர் குதித்தார். "முயலுக்கு வெளியாள் உதவி பண்றது எந்த ஊர் நியாயம்?"

"நீங்க 'ஆ காட்டு, ஆ காட்டு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே டாக்டர், அது உள்ளாள் உதவியா? மருந்து குடுத்து முயலை அடக்கக் கூடாது, அதுதான் விதி. கொறட்டை மருந்துக் கடையில விக்குதா?"

சாம்பியன் ரிப்பனை நடுவரம்மாவே தலகாணியின் பெட்டியில் கட்டினார். கட்டி முடித்துவிட்டு மருமகளின் காதருகே குனிந்தார். "எனக்குச் சிரிக்கத் தெரியும்மா" என்றார், துளியும் சிரிக்காமல். அப்புறம் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது மருமகள் வேனின் பின்சீட்டில் மாமனாருக்குப் பக்கத்தில், மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கணவன் ஓட்டிக்கொண்டிருந்தார். வேன் இரண்டு தெரு தாண்டியது.

"என்ன கலர்?" என்றார் திடீரென்று, திரும்பாமல்.

"எதுங்க?"

"பித்தான்."

"பச்சைங்க."

"ம்."

மருமகள் ரிப்பனை விரலால் நீவினாள். ஏழு முயலும் வீட்டிலேயே இருக்கும். மேஜை இருக்கும், கம்பளித் துண்டு இருக்கும், நாளை மதியம் வழக்கம்போல...

அவள் விரல் நின்றது. அகலத் திறந்த இரண்டு கண்ணும், அதற்குக் கீழே அந்தக் குறட்டையும் மனசில் வந்து நின்றன. தூக்கிவாரிப் போட்டது.

"மாமா."

"ம்."

"முழிச்சிக்கிட்டே கொறட்டை விட எங்க மாமா கத்துக்கிட்டீங்க?"

"வேலையிலதான்" என்றார் மாமனார் பெருமையாக. "வாட்ச்மேன் முழிச்சிருக்கான்னு தெரிஞ்சா எந்தத் திருடன் உள்ள வருவான்? கொறட்டை கேட்டாத்தான் தைரியமா சுவரேறிக் குதிப்பான். அப்படியே கையும் களவுமா அமுக்கிடலாம். எத்தனை பேரைப் புடிச்சிருக்கேன் தெரியுமா?"

"அப்போ வீட்ல... மத்தியானத்துல..."

மாமனார் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்.

"எல்லாம் காதுல விழுந்துச்சா மாமா?"

"எல்லாம்னு சொல்ல முடியாதும்மா. ப்ளோயரை நீ வேகமா வச்சா ஒண்ணு ரெண்டு வார்த்தை விட்டுப்போயிடும்."

"உங்களைப் பழைய பீரோன்னு சொன்னது?"

"விழுந்துச்சு. 'தொறந்தா கிறீச்சுங்குது, உள்ள ஒண்ணும் இல்ல'ன்னு கூடச் சொன்ன."

மருமகள் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள். "திருட்டுத்தனமா நாலு பிஸ்கட் திங்கறீங்கன்னு சொன்னது?"

"அது ஆறு. நீ சரியா எண்ணல."

அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. எத்தனை மதியங்கள்! கணவனைப் பற்றி, நாத்தனாரைப் பற்றி, இவரைப் பற்றி, தன்னைப் பற்றி, ஒரு தரம் தாங்காமல் அழுததுகூட! கோபமும் வெட்கமும் ஒன்றாக முட்டின.

"முழிச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாமா?"

மாமனார் ஓட்டிக்கொண்டிருக்கும் மகனின் பிடரியை ஒருமுறை பார்த்தார். பித்தானுக்கு 'ம்' என்றதோடு மகனின் பேச்சு அங்கேயே நின்றுவிட்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே நீ பேச்சை நிறுத்தியிருப்பியேம்மா."